சுடாத தேத்தண்ணி

கல்யாணமான முதல் வாரத்திலேயே லோகேஸ்வரிக்கு ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. அவள் கணவருக்கு வீட்டுத் தேநீர் இறங்காது. அவள் போட்டுக் கொடுத்த கோப்பையைக் கமலநாதன் மரியாதையாகத்தான் வாங்கினார். இரண்டு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "போர்ட் பக்கம் போயிட்டு வந்துடறேன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார். மீதியை அவளே குடித்துப் பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை.

கமலநாதன் ட்ரெய்லர் ஓட்டுபவர். கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று நாடு முழுக்கப் போய் வருபவர். துறைமுகத்துக்குள் நுழைய லாரிகள் வரிசை பிடித்து நிற்கும் சாலையோரத்தில் நசீருதீன் பாய் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கடை வைத்திருந்தார். கமலநாதனுக்குத் தேநீர் என்றால் அந்தக் கடைத் தேநீர்தான். நல்ல கெட்டியாக, 'தே காவ்' என்று சொல்லி, நுரை ததும்ப வாங்கிக் குடிப்பார். வேலை நாளில் மட்டும் என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும், தீபாவளி மறுநாளும் கிளம்பிவிடுவார். மகள் பிறந்த செய்தியை ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு அவர் முதலில் போன இடமும் அந்தக் கடைதான் என்று மாமியார் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார். லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. கிள்ளான் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் பதிவு கவுண்டரில் வேலை. வேலை முடிந்து வந்து குளித்து, விளக்கேற்றிவிட்டு, வாசல் போர்ச்சில் இரண்டு நாற்காலி போட்டு, ஒரு நாற்காலியில் அவரும் ஒரு நாற்காலியில் தானுமாக, ஆளுக்கு ஒரு கோப்பை தேநீரோடு உட்கார வேண்டும். பேச விஷயம் இருந்தால் பேசலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அக்கம்பக்கத்தில் எத்தனையோ வீட்டில் நடக்கிற காரியம் அது. கேட்டு வாங்குகிற பொருளாகவும் அவளுக்கு அது தோன்றவில்லை. அதனால் அவள் கேட்கவே இல்லை.

ஒரே ஒரு தடவை, மகள் ஷாமினி இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், "என்னையும் ஒரு நாள் அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள்.

"அங்க என்ன இருக்கு? ஒரே தூசி. டிரைவருங்க கத்திக்கிட்டு இருப்பாங்க. லேடீஸ் வர்ற எடம் இல்ல லா" என்றார் கமலநாதன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

மகள் படித்து, ஜொகூரில் வேலை கிடைத்துப் போனாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. வீட்டில் இரண்டு பேர். அதிலும் ஒருவர் சாலையில்.

கழுத்தில் ஒரு கட்டி என்றுதான் முதலில் ஆரம்பித்தது. ஷேவ் செய்யும்போது கைக்குத் தட்டுப்பட்டது. பல்வலியால் வந்த வீக்கமாக இருக்கும் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பினாங்கு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தார். லோகேஸ்வரிதான் தன் கிளினிக் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். கத்தி வைக்க வேண்டாம், கதிர்வீச்சுக் கொடுத்தால் கேட்கும் என்றார்கள்.

வாரக்கணக்கில் தினமும் கோலாலம்பூருக்குப் போய்வர வேண்டியிருந்தது. கிள்ளான் ஸ்டேஷனில் கொம்யூட்டர் ஏறுவார்கள். ஷா ஆலாம், சுபாங், பெட்டாலிங் என்று ரயில் நின்று நின்று போகும். ஆஸ்பத்திரியில் அவர் முகத்தின் அளவுக்கு வலைபோல ஒரு முகமூடி செய்து, அதை மேசையோடு சேர்த்துப் பூட்டித் தலை அசையாமல் படுக்க வைப்பார்கள். அத்தனை பெரிய வண்டியை மலைப்பாதையில் திருப்பிய மனிதர் அதற்குள் அசையாமல் கிடப்பார். லோகேஸ்வரி வெளியே பெஞ்சில் காத்திருப்பாள். வெளியே வரும்போது அவர் கன்னத்தில் வலையின் தடம் பதிந்திருக்கும். அதைத் தடவி விடுவாள். அதற்கு மட்டும் அவர் குனிந்து கொடுப்பார்.

கட்டி கரைந்தது. சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது லோகேஸ்வரி அங்கேயே கைகூப்பினாள். கமலநாதன் தலையை ஆட்டிவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப டாக்டர் தேத்தண்ணி குடிக்கலாம்?"

கதிர்வீச்சு அவருடைய எச்சிலைக் கொண்டுபோய்விட்டது. வாய் எப்போதும் காய்ந்து கிடந்தது. சாதம் வாயில் உருண்டை பிடித்து நின்றது. குழம்பு நனைந்த காகித அட்டையைப்போல இருந்தது. சூடு பட்டால் நெருப்பு. மிளகாய் பட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும். சூடு வேண்டாம், காரம் வேண்டாம், புளிப்பு வேண்டாம், பல் கெட்டுவிடும் சீனியும் வேண்டாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ருசி திரும்பலாம், நாளாகும், முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்றார்கள்.

ட்ரெய்லர் வேலையை விட்டுவிட்டார். லோகேஸ்வரி இத்தனை காலம் மனத்துக்குள் வைத்திருந்தது நடந்தது. வேலை முடிந்து அவள் வரும்போது கணவர் வீட்டில் இருந்தார். போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் இருந்தார். ஆனால் அந்த நாற்காலி கேட்டைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. தூரத்து நெடுஞ்சாலையில் கனரக வண்டி ஒன்று போகும் சத்தம் கேட்டால் அவர் காது அங்கே போய்விடும். "காலி கன்டெய்னர்" என்பார். சற்றுப் பொறுத்து, "இது லோடு" என்பார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பொழுது சாய்கிற நேரத்தில் அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டு மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடும். பிறகு நின்றுவிடும்.

வெதுவெதுப்பாக ஆற்றிய தேநீரைக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "இரும்பு மாதிரி இருக்கு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறிய தேநீரின் துவர்ப்பு அந்தக் காய்ந்த நாக்கைப் பிடித்து இழுத்தது.

கிளினிக்கில் மாதவி என்று ஒரு நர்ஸ். சின்னப் பெண். காஜாங்கிலிருந்து தினமும் காரில் வருவாள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, கண்ணாடி பாட்டிலில் பொன் நிறமாக எதையோ வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? பால் இல்லாத தே ஓ ஐஸா?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"இல்ல ஆன்டி, இது கோல்ட் ப்ரூ. இதுக்குச் சுடுதண்ணியே வேணாம். பச்சத் தண்ணியில தேயிலையைப் போட்டு பிரிட்ஜுல வெச்சிட்டுப் படுத்தா, காலையில எடுத்து வடிகட்டிடலாம்."

"பச்சத் தண்ணியில தே எறங்குமா?"

"எறங்கும் ஆன்டி. மெதுவா எறங்கும். அதான் கசப்பு வராது. இந்தாங்க, குடிச்சுப் பாருங்க."

லோகேஸ்வரி குடித்தாள். தேநீரின் மணம் இருந்தது. நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு இல்லை. சீனி போடாமலே எங்கேயோ ஓர் இனிப்பு. விழுங்கிய பிறகும் வாய் காயாமல் ஈரமாக இருந்தது. அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பிடிக்கலயா ஆன்டி?" என்றாள் மாதவி.

"இல்லம்மா. அங்கிளுக்குக் குடுக்கலாமான்னு நெனச்சேன்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். சூடும் சீனியும் இல்லை என்றால், லேசாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் சமையலறையில் இருந்த தேயிலைத் தூளில் இரண்டு கரண்டி அள்ளி ஒரு ஜாடித் தண்ணீரில் போட்டு மூடி பிரிட்ஜில் வைத்தாள். காலையில் எடுத்தபோது குளத்துத் தண்ணீர்போலக் கலங்கிக் கிடந்தது. வடிகட்டியில் பொடி நிற்கவில்லை. மெல்லிய துணியில் ஊற்றி வடித்து, கிளாஸில் நீட்டினாள்.

கமலநாதன் ஒரு வாய் குடித்தார். "என்ன இது?"

"தேத்தண்ணிதாங்க. சுட வைக்காமப் போட்டது."

"தே கழுவுன தண்ணி மாதிரி இருக்கு."

அவள் விடவில்லை. கடைத்தெருவில் கேமரன் மலையின் முழு இலைத் தேயிலை தேடி வாங்கினாள். இலை பொடியைப்போல இல்லை, தண்ணீருக்குள் மெல்ல விரிந்து அடியில் படிந்தது. இலையைக் குறைத்தால் வெறும் தண்ணீர். கூட்டினால் நல்ல நிறம். அதிக நேரம் விட்டுவிட்டால் பச்சை வாடை. குழாய்த் தண்ணீரைவிடக் கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில் மணம் சுத்தமாக வந்தது. ஒரு நாள் சேராய் என்கிற எலுமிச்சைப் புல்லின் தண்டு ஒன்றைத் தட்டிப் போட்டாள். அந்த எலுமிச்சை மணம் அவளுக்குப் பிடித்தது, அவர் சூப் என்று சொல்லிவிட்டார். சில வாரத்தில் அவள் கைக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. தெளிந்த, மழை விட்ட வெயிலின் நிறத்தில் ஒரு தேநீர். கிளினிக்கில் மாதவி குடித்துப் பார்த்து, "ஆன்டி, என்னோடதைவிட நல்லா இருக்கு" என்றாள்.

கமலநாதனுக்குக் கொடுத்தபோது அவர் கிளாஸைத் தொடவே இல்லை.

"நீ எதுக்கு இவ்வளவு மெனக்கெடற? தேத்தண்ணின்னா சுடணும். ஆவி வரணும். சுடாதது தேத்தண்ணி இல்ல லோகா. நோயாளிக்குக் குடுக்கற மருந்து. எனக்கு மருந்து போதும்."

அவர் குரல் கதிர்வீச்சுக்குப் பிறகு கரகரத்துப் போயிருந்தது. அந்தக் குரலில் கோபமும் அழுகையும் ஒரே மாதிரி கேட்டன. எதுவென்று தெரியாமல் லோகேஸ்வரி கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜாடியைப் பிரிட்ஜின் பின்வரிசைக்குத் தள்ளி வைத்தாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அவள் வந்தபோது அவர் போர்ச்சில் இல்லை. உள்ளே, வாயில் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். துணியை விலக்கிப் பார்த்தாள். உதட்டின் உள்பக்கமும் நாக்கும் வெந்து வெள்ளையாகத் தோல் கிளம்பியிருந்தது.

"என்ன குடிச்சீங்க?"

பேச முடியாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார். துறைமுகக் கடைக்குப் போய்ச் சூடாகக் குடித்திருக்கிறார் என்று அந்தக் குனிதலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கிளினிக் டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்து வாங்கி வந்து, சில நாள் குளிர்ந்த கஞ்சி மட்டும் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். அவரிடம் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேச வேண்டிய ஆள் வேறு என்று நினைத்தாள்.

அடுத்த விடுமுறை நாள் காலையில், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கிரேப் வாடகைக் காரில் ஏறித் துறைமுகச் சாலைக்குப் போனாள். இத்தனை ஆண்டுகளாகக் காதால் மட்டுமே கேட்டிருந்த கடையை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டாள். தகரக் கூரை. நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு நின்றன. அதற்கப்பால் துறைமுகத்தின் உயரமான கிரேன்கள் தெரிந்தன. கமலநாதன் சொன்னது பொய்யில்லை, ஒரே தூசிதான். டிரைவர்கள் கத்திக்கொண்டும் இருந்தார்கள்.

நரைத்த தாடியோடு, கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் இரண்டு கோப்பைகளுக்கு இடையே தேநீரை நீளமாக இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"நான் கமலநாதன் வீட்டுக்காரி."

நசீருதீன் கோப்பையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தங்கச்சி, ஒக்காருங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. "அவரு ஒடம்பு ஒங்களுக்குத் தெரியும்தானே பாய்? தெரிஞ்சே சுடச்சுடக் குடுத்திருக்கீங்க. வாய் பூரா வெந்து போச்சு."

"நான் குடுக்கறதுதான் தங்கச்சி. அவரு குடிக்கறதில்ல."

"குடிக்காமயா வெந்துச்சு?"

நசீருதீன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். "சிகிச்சை முடிஞ்ச பொறகு வாரத்துல ரெண்டு மூணு வாட்டி வந்துக்கிட்டுத்தான் இருக்காரு. எப்பவும்போல தே காவ் ஒண்ணு சொல்லுவாரு. கொண்டு போய் வெப்பேன். தொட மாட்டாரு. ஆவி போறதைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. ஆவி நின்னதும் எழுந்து போயிடுவாரு. அன்னைக்கு ஒரு டிரைவர், புதுசா வந்தவன், என்னண்ணே தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடிக்கலயான்னு கேட்டான். வெவரம் தெரியாமக் கேட்டுட்டான். ஒடனே இன்னொண்ணு சூடா குடு பாய்ன்னாரு. வாங்கி மடக்குனு குடிச்சிட்டாரு. நான் ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

லோகேஸ்வரி அப்போதுதான் உட்கார்ந்தாள். பூங்காவில் நடந்துவிட்டு வருகிறேன் என்று அவர் மோட்டார் சைக்கிளில் கிளம்பும் நாட்களெல்லாம் அவள் மனத்தில் ஓடின.

"குடிக்காத தேயை ஏன் பாய் குடுக்கறீங்க?"

"கேக்கறாரு. இல்லன்னு சொல்லி அனுப்ப மனசு வரல தங்கச்சி."

கேட்காமலே அவள் முன்னால் ஒரு கிளாஸ் வந்தது. திட்டத்தான் வந்தாள். ஆனால் அந்த மணம் அவளை மறித்தது. குடித்தாள். கெட்டியாக, வழவழப்பாக, கடைசியில் ஒரு கடுமையோடு தொண்டையில் இறங்கியது. தன் தேநீர் இதற்கு அருகில்கூட வராது என்று அவளுக்கு அந்த முதல் வாயிலேயே தெரிந்தது. தெரிந்ததில் வருத்தம் வரவில்லை. இதைக் குடித்துப் பழகியவர் வீட்டில் இரண்டு வாய் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று சொன்னாரே, அது பெரிய காரியம் என்று தோன்றியது.

"அவரு எங்க ஒக்காருவாரு?" என்று கேட்டாள்.

நசீருதீன் ஓரத்தில் இருந்த மேசையைக் காட்டினார். "அங்கதான். அவரு வாயைத் தெறந்தா இந்தக் கடையே சிரிக்கும் தங்கச்சி. ஒரு தடவை சுங்க அதிகாரி மாதிரி பேசிக் காட்டினாரு பாருங்க, நான் பாலைக் கொட்டிட்டேன்."

லோகேஸ்வரி அந்த வெறும் நாற்காலியைப் பார்த்தாள். வீட்டில் அவர் அப்படி யாரையும்போல் பேசிக் காட்டியதில்லை. களைத்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார். தான் கட்டிக்கொண்ட மனிதரில் பாதியை இந்தத் தகரக் கொட்டகை வைத்திருந்தது. அந்தப் பாதியை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும்போல் இருந்தது. நோய் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு நாளாவது, யாருக்கும் தெரியாமல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

கிளாஸைக் காலி செய்துவிட்டு அவள் கேட்டாள். "பாய், சூடில்லாத தேயை இழுக்க முடியுமா?"

"புரியல தங்கச்சி."

அவள் விவரம் சொன்னாள். பச்சைத் தண்ணீர், இலை, பிரிட்ஜ். நசீருதீன் தாடியைச் சொறிந்துகொண்டார். "சூட்டுலதான் நுரை எழும்பும். ஆறினது எழும்பாது. எழும்பினாலும் நிக்காது." சற்று யோசித்துவிட்டு, "கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

வாய்ப்புண் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கத்தைவிட இலையைக் கூட்டிப் போட்டு ஜாடியைப் பிரிட்ஜில் வைத்தாள். காலையில் அது கருஞ்சிவப்பாக நின்றது. வடித்து, குளிர் போகாத பாட்டிலில் ஊற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, போர்ச்சில் உட்கார்ந்திருந்த கணவரிடம் போனாள்.

"வாங்க, போர்ட் பக்கம் போயிட்டு வரலாம்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். நல்ல கடை."

அவர் சாவியை எடுத்தார். மோட்டார் சைக்கிளில் அவர் பின்னால் அவள் உட்கார்ந்து அத்தனை தூரம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஒல்லியாகிப்போன அவர் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

கடையில் நசீருதீன் பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்பக்கம் போனார். சீனி இல்லாத டின் பாலைக் கொஞ்சம் ஊற்றி இழுத்தார். கையை உயர்த்தி, வழக்கத்தைவிட நீளமாக, பல தடவை இழுத்தார். மேலே மெல்லிய நுரை கட்டியது. அது அடங்குவதற்குள் வேகமாகக் கொண்டுவந்து அந்த ஓர மேசையில் வைத்தார்.

கமலநாதன் கிளாஸைப் பார்த்தார். ஆவி இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. லோகேஸ்வரியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்த டிரைவர்கள் சாலையில் ஏதோ இருப்பதைப்போல அந்தப் பக்கம் பார்த்தார்கள். அவர் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்துக்கொண்டிருந்து மெதுவாக விழுங்கினார்.

ஒரு டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "எப்படிண்ணே இருக்கு?"

கமலநாதன் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "ருசி வந்துடுச்சு தம்பி. ஆனா இன்னும் கேட்டுக்குள்ள விடல. கியூவுல நிக்குது."

கடை சிரித்தது. நசீருதீன் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். லோகேஸ்வரியும் சிரித்தாள். அந்தக் கரகரத்த குரல் ஒரு கடையைச் சிரிக்க வைப்பதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். இன்னும் ஒன்று சொல்ல மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அரை கிளாஸ்வரை குடித்தார். அதற்குமேல் முடியவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவர்கள் பாட்டிலோடு துறைமுகச் சாலைக்குப் போவது வழக்கமாயிற்று. மற்ற நாட்களில், அவள் வேலைக்குக் கிளம்பும் முன் இருவரும் போர்ச்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் குளிர்ந்த தேநீர் குடித்தார்கள். லோகேஸ்வரி நினைத்தது நினைத்தபடி கிடைத்துவிட்டதா என்றால், அவளுக்கே சொல்லத் தெரியாது. அவர் குடித்தார். சில நாள் இரண்டாம் கிளாஸும் கேட்டார். ஆனால் மழை பெய்து குளிர்கிற காலையில் கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத சூட்டைத் தேடுகிறவர்போல வெறுமனே உட்கார்ந்திருப்பார்.

"நல்லா இருக்கு லோகா" என்றார் ஒரு நாள். "ஆனா இது வேற."

"தெரியும்" என்றாள் அவள். "வேறதான்."

இந்த ஆண்டு பரிசோதனைக்காக மறுபடியும் கொம்யூட்டர் பிடித்துக் கோலாலம்பூர் போனார்கள். டாக்டர் தொண்டைக்குள் பார்த்து, சுத்தமாக இருக்கிறது, இனிமேல் இவ்வளவு அடிக்கடி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ரயிலுக்கு நேரம் இருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். அது ஒன்றுதான் வெளியில் அவருக்கு விழுங்க எளிதாக இருந்தது. அவளுக்குத் தோசை.

"குடிக்க என்ன அங்கிள்?" என்று கேட்டார் பரிமாறுபவர்.

"எனக்குப் பச்சத் தண்ணி. இவங்களுக்கு ஒரு தே. நல்லா சூடா, காவா."

"எனக்கு வேணாங்க" என்றாள் லோகேஸ்வரி அவசரமாக.

"கொண்டாங்க தம்பி" என்று அவரை அனுப்பிவிட்டு கமலநாதன் அவள் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வீட்டுல அடுப்படியில நின்னுக்கிட்டே சுடச்சுடக் குடிச்சிட்டு, கோப்பையைக் கழுவி வெச்சிட்டுத்தானே வெளிய வர்ற. வாசம் வரும் எனக்கு. நோய் வந்த நாள்லேர்ந்து என் முன்னால நீ ஒரு வாய் சூடா குடிச்சதில்ல."

தோசையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வெளியே வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தேநீர் வந்தது. கிளாஸுக்கு மேலே ஆவி நெளிந்தது. கமலநாதன் அதைப் பார்த்துக்கொண்டே, "குடி" என்றார்.

அவள் எடுத்துக் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

சுமார்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அவருக்காக அப்படிச் சொல்லிப் பழகியிருந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. இன்னொரு வாய் குடித்தாள், இந்தத் தடவை கவனித்து.

"முதல்ல ஒதட்டுல சூடு படுது" என்றாள். "சுட்டுடுமோன்னு பயமா இருக்கு, ஆனா சுடல. அப்புறம் பால் வாசம் மூக்குல ஏறுது. சீனி கொஞ்சம் கூட. உள்ள போகும்போது கெட்டியா, கனமா எறங்குது. நெஞ்சு வரைக்கும் எங்க போகுதுன்னு தெரியுது."

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். "துவர்ப்பு?"

"இருக்கு. முழுங்கினதுக்கு அப்புறம் வருது."

"எந்த எடத்துல?"

அவள் யோசித்தாள். "நாக்கு ஓரத்துல. ரெண்டு பக்கமும். கடைசிப் பல்லுகிட்ட."

"ஆமா" என்றார் கமலநாதன். கண்களை மூடிக்கொண்டு ஒரு தரம் விழுங்கினார். "அங்கதான்."

பிறகு கையை நீட்டி, கிளாஸைச் சுற்றி உள்ளங்கையை வைத்தார். சூடு ஏற ஏற எடுக்காமல் வைத்திருந்தார். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை எடுத்துக்கொண்டு, கிளாஸை அவள் பக்கம் தள்ளினார்.

"ஆறிடப் போகுது. குடி" என்றார்.